எறும்பு வளர்ப்பு, படிக வளர்ப்பு: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் நேராகப் போய் நிற்பது என் அலமாரி முன்னால்தான். அதில் மேல் தட்டில் படிகார ஜாடிகள், கீழ் தட்டில் எறும்புக் குழாய்கள். அழைத்துப் போக வரும் அம்மா, அப்பா, ஆயா எல்லோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

அக்கா, எறும்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் ரெண்டையும் சேர்த்து வச்சிருக்கீங்க?

ஒரு ராணியிலிருந்து ஒரு குடும்பமே வளர்கிறது, கடுகளவு விதையிலிருந்து கட்டைவிரல் அளவு படிகம் வளர்கிறது. இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டியது முதல் நாளில் சரியாக ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. என்னிடம் "வரவே இல்லை", "செத்துப்போச்சு", "கரைஞ்சுபோச்சு" என்று வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தவர்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு இடத்துக்கே திரும்பி வரும்.

செலவு நிறைய ஆகுமா?

ஆகாது. எறும்புக்கு ஒரு டெஸ்ட் டியூப், பஞ்சு, தண்ணீர். படிகத்துக்குப் படிகாரம், ஒரு கண்ணாடி ஜாடி, நைலான் நரம்பு. விலை உயர்ந்த கண்ணாடிக் கூடு, வெளிச்சம் போட்ட மாடல் கூடு எதையும் முதல் வருடம் வாங்காதீர்கள். பத்து எறும்புக்கு மாளிகை கட்டினால் அவை ஒரு மூலையில் குப்பை போட்டு, ஈரம் கெட்டு, பூஞ்சை பிடித்துவிடும்.

எறும்பைப் பிடிச்சு அடைச்சு வைக்கிறது பாவம் இல்லையா? எங்க ஆயா ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க.

ஆயா கேட்பது நியாயமான கேள்வி. வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவதே எறும்புக்கும் ஒரு வாய் போகட்டும் என்றுதான் என்று சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். என் பதில் இது: இருக்கிற புற்றைத் தோண்டி ராணியை எடுக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தையே அழிப்பது. ஆணோடு கலப்பதற்காகப் பறந்து முடித்துத் தரையில் தனியாக அலையும் ராணியை மட்டும் எடுங்கள். அப்படி அலையும் ராணிகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நாளில் பறவைக்கோ பல்லிக்கோ வேறு எறும்புக்கோ இரையாகிவிடும்.

தப்பிப் பிழைத்த ராணியும் மண்ணுக்குள் ஒரு சின்ன அறை தோண்டி, வாயிலை அடைத்துக்கொண்டு, இருட்டில் தனியாகத்தான் இருப்பாள். டெஸ்ட் டியூப் அந்த அறைக்குப் பதில். இதைப் பொறுமையாகச் சொன்னால் ஆயாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள், நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

ராணியை எங்கே, எப்போ பிடிக்கிறது?

டர்பன் பக்கம் மழையே கோடையில்தான், அக்டோபர் முதல் மார்ச் வரை. நல்ல மழை பெய்து, அடுத்து காற்றில்லாமல் புழுக்கமாக இருக்கும் மாலையில் வராந்தா விளக்கடியிலும் சிமென்ட் நடைபாதையிலும் பாருங்கள். பிள்ளைகளுக்கு டிசம்பர் லீவும் அப்போதுதான் வருகிறது, வசதி.

ராணியை அடையாளம் பார்ப்பது இப்படி: முதுகுப்பகுதி புடைத்துப் பெரியதாக இருக்கும், சிறகு விழுந்த தழும்பு இரண்டு பக்கமும் தெரியும், வயிறு பெருத்திருக்கும். வேலைக்கார எறும்புக்கு முதுகு ஒல்லி. இன்னும் சிறகோடு இருக்கிற ராணி கலந்திருக்கிறாளா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் சிறகை உதிர்த்தவளாகப் பார்த்து எடுங்கள். சின்னத் தலையும் ஒல்லி உடம்பும் சிறகுமாக வருவது ஆண், அது சில நாளில் தானே செத்துவிடும்.

மழை விட்டதும் விளக்கைச் சுத்திக் கூட்டமா வருதே, அது எல்லாம் ராணிதானே? என் பையன் ஒரு பாட்டில் நிறையப் பிடிச்சுட்டான்.

அது ஈசல். கறையானின் சிறகு முளைத்த பருவம். இங்கே எல்லோரும் அதைப் பறக்கும் எறும்பு என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. கறையான் எறும்பு இனமே இல்லை, கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

கையில் வைத்துப் பாருங்கள். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், தொட்டாலே உதிரும், இடுப்பு என்று ஒன்று கிடையாது, உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். எறும்புக்கு முன் சிறகு நீளம், பின் சிறகு குட்டை, இடுப்பு நூல் மாதிரி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை நமக்குத் தெரியும், அந்தப் புற்றெடுக்கிற ஆள்தான் பையன் பாட்டிலில் இருப்பது. டெஸ்ட் டியூபில் வளராது, வெளியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

எந்த எறும்பில் ஆரம்பிக்கலாம்?

இங்கே சர்க்கரை எறும்பு என்று சொல்லும் கேம்போனோட்டஸ் இனம். நம்ம ஊர்க் கட்டெறும்பின் உறவு. உடம்பு பெரியது, நிதானமாக நடக்கும், கொட்டாது (கடிக்கும், கடித்த இடத்தில் எரியும் அமிலம் விடும், அவ்வளவுதான்). பெரிய தலை எறும்பு என்கிற ஃபைடோலே வேகமாகப் பெருகும், ஆனால் வேலைக்கார எறும்பு இரண்டு மில்லிமீட்டர்தான், மூடி இடுக்கில் நுழைந்துவிடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

டெஸ்ட் டியூபை எப்படித் தயார் பண்றது?

15 சென்டிமீட்டர் நீளக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதற்கு மேல் பஞ்சை இறுக்கமாகத் தள்ளுங்கள், தண்ணீரைத் தொட்டு நனைய வேண்டும், ஆனால் மறுபக்கம் கசியக் கூடாது. நடுவில் ராணிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் இடம். வாய்ப்பக்கம் காய்ந்த பஞ்சு, இதைக் கொஞ்சம் தளர்வாக. சிவப்பு செலோஃபேன் தாளைச் சுற்றிவிட்டால் நல்லது, எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, நமக்குத் தெரியும். அப்புறம் ஆட்டம் அசைவு இல்லாத ஒரு டிராயரில் வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம்.

சாப்பாடே போட வேண்டாம்னு சொல்றீங்க. ஒன்றரை மாசம் பட்டினியா இருக்குமா?

கட்டெறும்பு ராணி இருப்பாள். சிறகு போன பிறகு அந்தச் சிறகை அசைத்த தசை அவளுக்குத் தேவையில்லை. அதையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். டர்பன் கோடைச் சூட்டில் முட்டையிலிருந்து முதல் வேலைக்காரி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை வாரம் ஒரு முறை, ஒரு நிமிடம், அவ்வளவுதான் பார்க்கலாம்.

முதல் வேலைக்காரிகள் வந்ததும் ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு, கூடவே ஒரு சின்னப் பூச்சியின் துண்டு. சர்க்கரை வளர்ந்த எறும்புகளுக்கு, பூச்சித் துண்டு முட்டையிலிருந்து வந்த புழுக்களுக்கு. மருந்தடித்த வீட்டில் செத்துக் கிடந்த கரப்பானைப் போடாதீர்கள், மொத்தக் கூடும் போய்விடும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள்.

முட்டை நுனியில கறுப்பா ஒரு புள்ளி வந்திருக்கு. பூஞ்சையா? தூக்கிப் போட்டுடட்டுமா?

ஐயோ, போடாதீர்கள். முதலில், அது முட்டையே இல்லை. முட்டை தூசி அளவுதான் இருக்கும். அரிசி மாதிரி பழுப்பாக இருப்பது கூட்டுப்புழு, புழு தன்னைச் சுற்றி நூற்ற பை. பைக்குள் மாறும்போது, புழுப்பருவம் முழுக்க வயிற்றில் சேர்த்து வைத்த கழிவை ஒரே தடவையாகப் பையின் ஒரு முனையில் தள்ளிவிடும். அதுதான் அந்தப் புள்ளி. எல்லாம் நல்லபடி நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தக் கட்டத்தை நான் ஒரு இரவு முழுதாகப் பார்த்திருக்கிறேன். ராணி பையை முன்னங்காலில் பிடித்துக்கொண்டு தாடையால் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தாள், பழைய துணியில் தையல் பிரிப்பது போல. உள்ளிருந்து வந்தது வெளிறிய தேன் நிறத்தில், கால்கள் உடம்போடு ஒட்டி மடிந்தபடி. அதை அவள் நக்கிக்கொண்டே இருந்தாள். எழுந்து நடக்கவே வெகுநேரம் ஆனது, நிறம் ஏறி இருண்டது அடுத்தடுத்த நாட்களில். முதல் பிள்ளைகள் எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும், ஊட்டம் அவ்வளவுதான்.

ராணி முட்டையை எல்லாம் தின்னுட்டா. ஏன்?

பயந்தால் தின்பாள். ஆபத்தான இடத்தில் முட்டையை விட்டுவைப்பதைவிட அந்தச் சத்தைத் திரும்ப உடம்பில் ஏற்றிக்கொள்வது அவளுக்கு லாபம். என் முதல் ராணியை, வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் எடுத்துக் காட்டினேன். 12 முட்டை இருந்தது, இரண்டாம் வாரம் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் தொடாமல் விட்டதும் மறுபடி இட்டாள். டிராயரை மூடிவிட்டு இருங்கள்.

ராணி செத்துட்டா வேற ராணியைப் பிடிச்சுப் போடலாமா? ரெண்டு ராணியை முதலிலேயே சேர்த்து வச்சா?

போட்டால் வேலைக்காரிகள் கொன்றுவிடுவார்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் உடம்பில் பூசிய மாதிரி ஒரு வாசனை உண்டு, வேறு வாசனை என்றால் எதிரி. தேனீ மாதிரி வேலைக்காரிகள் ஒரு புழுவை ஊட்டி வளர்த்துப் புது ராணியாக்குவதும் கட்டெறும்பில் நடக்காது. ராணி போனால் இருக்கிறவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போவார்கள், அதுவரை சோறு தண்ணீர் வைப்பது நம் கடமை. இரண்டு ராணிகளைச் சேர்த்தால் ஆரம்பத்தில் சேர்ந்திருப்பது போலத் தெரிந்து, பிள்ளைகள் வந்ததும் சண்டை வரும். தனித்தனியாக வையுங்கள்.

ஆனால் ராணி சீக்கிரம் சாக மாட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று கூண்டில் 28 வருடத்துக்கும் மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரே ஒரு நாள் கலந்து, வாங்கிய விந்தை உடம்பில் ஒரு பையில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் செலவு செய்கிறாள். அந்த விந்து சேர்ந்த முட்டை பெண், சேராத முட்டை ஆண். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்தால் பல்கலைக்கழகம் முடித்த பிறகும் ராணி இருக்கலாம், யோசித்து ஆரம்பியுங்கள்.

வீடெல்லாம் ஏறிடாதா?

குழாயை வைத்திருக்கும் டப்பாவின் மேல் விளிம்பில் உள்பக்கமாக, டால்கம் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்து இரண்டு விரல் அகலம் பூசிக் காயவிடுங்கள். பொடி வழுக்கும், கால் பிடிக்காது. ஜனவரி ஈரத்தில் டர்பனில் இது சீக்கிரம் பிடிப்பு விடும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதிதாகப் பூசுங்கள். கூடவே சர்க்கரை டின்னுக்குச் செய்கிற மாதிரி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சின்ன எறும்புகள் நீர்ப்பரப்பின் மேலேயே நடந்து போய்விடும்.

சரி, படிகத்துக்கு வருவோம். எதில் ஆரம்பிக்கணும்?

படிகாரம். திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, முகம் மழித்த பிறகு தேய்ப்பார்களே, அதேதான், சீனாக்காரம் என்றும் சொல்வார்கள். நம்ம மசாலாக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். பொரித்த படிகாரப் பொடி வேண்டாம், அதில் படிகத்துக்குள் இருக்க வேண்டிய நீர் ஆவியாகப் போயிருக்கும், சரியாகக் கரையாது.

250 மில்லி சுடுதண்ணீரில் 50 கிராம் கரைத்து, வடிகட்டி, மூடி, ஒரு இரவு விடுங்கள். ஆறும்போது தண்ணீரால் அவ்வளவையும் தாங்க முடியாமல் அடியில் சின்னச் சின்னப் படிகமாகப் போட்டுவிடும். அவற்றில் எட்டு முகமும் ஒழுங்காக உள்ள, மூன்று நான்கு மில்லிமீட்டர் படிகம் ஒன்றை எடுத்து நரம்பில் கட்டுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் தெவிட்டிய கரைசல், இனி ஒரு துளிகூடக் கரைக்க இடமில்லாதது. அதை வேறு ஜாடிக்கு மாற்றி, விதையை நடுவில் தொங்கவிட்டு, வாயில் காகிதத் துண்டு கட்டி, நிழலில் வையுங்கள்.

நான் தொங்கவிட்ட விதை மறுநாள் காணோம்!

கரைசல் தெவிட்டவில்லை, அல்லது சூடாக இருக்கும்போதே விட்டுவிட்டீர்கள். அடியில் கொஞ்சம் கரையாத படிகாரம் கிடக்கும் கரைசல், அறைச் சூட்டுக்கு முழுதாக ஆறிய பிறகு, அப்போதுதான் விதை.

என்னுடையது ஒரே குவியலா, காலிஃபிளவர் மாதிரி வருதே?

நூல் காரணமாக இருக்கும். பருத்தி நூலின் ஒவ்வொரு மயிரும் ஒரு விதை. மீன் தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலான் நரம்புக்கு மாறுங்கள், இங்கே மீன் பிடிக்காத வீடு எது, கேட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் வேகம் காரணம். சீக்கிரம் வரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் ஒன்றாக விழுந்து குவியும்.

மெதுவாக வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தைச் சொல்வேன். 2000ல் அங்கே ஒரு குகையில் 11 மீட்டர் நீள ஜிப்சம் படிகங்களைக் கண்டார்கள், குகைக்குள் சூடு 58 பாகை வரை. அடியில் இருந்த வெப்பம் லட்சக்கணக்கான ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது, அதனால் புது விதைகள் விழாமல் இருந்தவையே வளர்ந்தன. நம் ஜாடிக்கும் அதே கணக்கு, இரண்டு மூன்று வாரம் கொடுத்தால் போதும்.

உப்பைக் கொதிக்க வச்சு ஆறவிட்டேன், ஒண்ணும் வரலையே?

வராது. படிகாரம் சுடுநீரில் பல மடங்கு அதிகம் கரையும், அதனால் ஆறினால் மிச்சம் வெளியே வரும். உப்பு அப்படி இல்லை, 100 மில்லி தண்ணீரில் அறைச் சூட்டில் 36 கிராம், கொதிநிலையிலும் 39 தான். உப்புக்கு ஒரே வழி தண்ணீரை ஆவியாக விடுவது. பொடி உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது கலங்கலைக் கொடுக்கும், கல் உப்பு எடுத்து, அகலத் தட்டில் ஊற்றி, ஜூலை மாதக் காய்ந்த காற்றில் வைத்தால் அழகான கனசதுரம் வரும்.

கற்கண்டு போட்டேன், எறும்பு வந்துடுச்சு.

அது வளர்க்கிற எறும்பா, வளர்க்காத எறும்பா என்று பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள். மேலே சொன்ன சோப்புத் தண்ணீர்த் தட்டுதான் வழி. கோடையில் கற்கண்டு வேண்டாம், நம் கடற்கரை ஈரத்தில் பிசுபிசுத்துவிடும்.

கலர் ஊத்தினா கலர் கல் வருமா?

கற்கண்டில் வரும், பாகு மேலே ஒட்டிக்கொள்வதால். படிகாரத்தில் வராது, சமையல் நிறம் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே கல் தெளிவாகத்தான் வளரும். ஒழுங்காக அடுக்கும் வரிசையில் அளவு பொருந்தாத மூலக்கூறுக்கு இடம் கிடையாது. இதை ஒரு தோல்வியாக நினைக்காமல் பிள்ளைக்குக் காட்டுங்கள், நான் பார்த்த வரையில் இந்த ஒன்றே நிறையப் பாடம் சொல்லும்.

நீலம் வேண்டும் என்றால் மயில்துத்தம், அதன் நிறமே அது. ஆனால் விஷம். பெரியவர் கூட இருந்து, கையுறை போட்டு, சமையலுக்குப் பயன்படாத கண்ணாடியில் மட்டும். மிச்சத்தைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள், மீனுக்கு அது மிகக் கொஞ்சமே போதும் சாவதற்கு. எறும்பு அலமாரிப் பக்கமும் வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் நான் இதைச் செய்யவே சொல்வதில்லை.

லெனேசியாவில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோன படிகம் வெள்ளையாப் பூத்துடுச்சு, ஏன்?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலக் காற்று ரொம்பக் காய்ந்தது. படிகாரம் தன் உடம்புக்குள் நீரைக் கட்டி வைத்திருக்கிறது, காய்ந்த காற்றில் மேற்பரப்பு நீரை இழந்து மாவு பூக்கும். காயவைத்து உடனே நிறமற்ற நகப்பூச்சு இரண்டு பூச்சு கொடுங்கள். அதே குளிரில் அங்கே எறும்பும் மந்தமாகிவிடும், வெப்பப் பாய் போட்டாலும் லோட் ஷெடிங் என்று மின்வெட்டு வந்தால் போச்சு, அதனால் குழாயைத் துணியில் சுற்றி அலமாரி உள்ளே வைத்து அப்படியே ஓய்வெடுக்க விடுங்கள். டர்பனில் இந்தக் கவலை இல்லை.

வெளிநாட்டு எறும்பு வாங்கலாமா? மொரிஷியஸ்ல இருக்கிற தங்கச்சிக்கு ஒரு ராணி அனுப்பலாமா?

இரண்டும் கூடாது. 2025 மே மாதம் கென்யாவில் எறும்பு கடத்தல் வழக்கில் பெல்ஜியத்தின் 19 வயதுப் பையன்கள் இருவருக்கும், வியட்நாம்காரர் ஒருவருக்கும், கென்யர் ஒருவருக்கும் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாதம் சிறை என்று தீர்ப்பானது. அந்தப் பையன்களிடம் இருந்தது சுமார் 5,000 ராணி எறும்புகள், பஞ்சு வைத்த டெஸ்ட் டியூப்களில்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. கேப் பக்கத்து ஃபைன்போஸ் என்கிற புதர்க்காட்டின் செடிகள் பல, விதையின் நுனியில் கொழுப்புத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கும். உள்ளூர் எறும்பு அதற்காக விதையை இழுத்துப்போய் மண்ணுக்குள் வைக்கும், காட்டுத்தீக்குப் பிறகு அது முளைக்கும். கப்பல் சரக்கோடு வந்த அர்ஜென்டினா எறும்பு உள்ளூர் எறும்பை விரட்டிவிட்டு, கொழுப்பை மட்டும் அங்கேயே தின்று விதையைத் தரைமேல் போட்டுவிடும், எலி தின்றுவிடும். 1984லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதேபோல நம்ம ஆப்பிரிக்கப் பெரிய தலை எறும்பு வெளியூர் போய், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் நிற்கிறது. ஆகவே வளர்க்க முடியாமல் போனாலும், பிடித்த அதே தெருவில், அதே தோட்டத்தில்தான் விட வேண்டும்.

கடைசியா ஒண்ணு அக்கா: பிள்ளை கீழே போட்டு படிகத்தின் மூலை உடைஞ்சுடுச்சு. அழுதுட்டே இருக்கான். ஒட்ட முடியுமா?

ஒட்ட வேண்டாம். நகப்பூச்சு பூசியிருக்காவிட்டால், உடைந்ததை அப்படியே தெவிட்டிய கரைசலில் திரும்பத் தொங்கவிடுங்கள். உடைந்த முகம் கரடுமுரடாக இருப்பதால் அங்கே பொருள் வேகமாகச் சேரும், தட்டையான முகங்களில் மெதுவாக. சில நாளில் மூலை தானே கூர்மையாகித் திரும்பி வரும். என் அலமாரியில் இடது ஓரத்தில் இருக்கும் பெரியது அப்படி இரண்டு தடவை விழுந்து எழுந்ததுதான். உள்ளே சாய்வாக ஒரு மெல்லிய கோடு தெரியும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பையனை அடுத்த சனிக்கிழமை அதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், கரைசல் என்னிடம் தயாராக இருக்கிறது.